அப்பாவின் கல்லுக்கு அடியில் ஒரு பெயர்

என் அப்பாவின் கல்லறைக் கல்லுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பது, அதை வைத்து இருபத்தேழு வருடங்கள் கழித்து, அம்மாவை அடக்கம் செய்த நாளில்தான் எனக்குத் தெரிந்தது. காலை ஒன்பதரை மணி இருக்கும். நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். நான் கல்லைப் பார்க்கவில்லை. கல் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணில் எழுத்துகள் இருந்தன.

புடைத்த எழுத்துகள். ஆங்கிலம். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, வலமிருந்து இடமாக ஓடின. மயிர்போல மெல்லிய வேர்கள் அந்த எழுத்துகளின் வளைவுகளை விட்டு வெளியே போகாமல், அவற்றின் வடிவத்திலேயே வளைந்து வளர்ந்திருந்தன.

வேறு யாருக்கும் அதை உடனே படிக்க வந்திருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்தது சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில். ஈய எழுத்தைக் கையால் கோர்த்து அச்சடித்த கடைசி வருடங்கள் அவை. கோர்த்த எழுத்தை இடவலம் மாற்றிப் படித்துப் பிழை பார்க்கப் பழகியிருந்தேன். பிறகு பத்திரிகைக்குப் போனேன், கணினி வந்தது, அந்தப் பழக்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அது தானாகத் திரும்பி வந்தது. ஒரு வெள்ளைக்காரரின் பெயரை, அவருடைய கல்லில் படிப்பதற்கு முன்பே, அப்பா கிடந்த மண்ணில் படித்தேன்.

அம்மா முந்தின நாள் காலையில் இறந்தார். கடைசி ஒரு வருடமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கயாவது வச்சிட்டுப் போயிடாதீங்கடா. ஒங்கப்பாகிட்டயே வச்சிருங்க." இதை என்னிடமும் தங்கையிடமும் மாறி மாறிச் சொன்னார். பிரச்சினை எதுவும் வராது என்றுதான் நாங்களும் நினைத்தோம். கடலூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்து பல வருடங்களாகிறது. குடும்பக் குழியைத் திறந்து, பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்து, அதன் மேலேயே புதுப் பெட்டியை இறக்குவதுதான் வழக்கம். பூசை மூன்று மணிக்கு, அடக்கம் நான்கு மணிக்கு என்று சாமியார் சொல்லியிருந்தார். அதற்குள் குழி தயாராக வேண்டும். தங்கை வீட்டில் அம்மாவின் உடலருகே இருந்தாள். நானும் தங்கையின் கணவரும் கல்லறைக்கு வந்திருந்தோம்.

கல்லைத் தேங்காய் நாரால் துடைத்தார்கள். பெயர். அவருடைய நாட்டில் ஏதோ ஓர் ஊரின் பெயர். வியாபாரத்துக்காக இந்தக் கரைக்கு வந்தார், இங்கேயே தங்கினார், திரும்பிப் போகவில்லை, காய்ச்சலில் இறந்தார் என்ற அளவுக்கு விவரம். வருடம் இருந்த வரி உளியால் கொத்தியதுபோல் சிதைந்திருந்தது. கடைசி வரி, இவருடன் இவர் மனைவியும் என்று தொடங்கி அங்கேயே நின்றது. அதற்குக் கீழே இரண்டு சாண் அளவுக்கு வழவழப்பான வெற்றிடம்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த வழிகளில் எல்லாம் தேடினேன், அவரைப் பற்றி வேறு ஒரு வரி கிடைக்கவில்லை. ஒரே ஒரு சாட்சியை நம்பிப் பெயரை அச்சில் ஏற்றக் கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம்.

மாப்பிள்ளை கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இவ்ளோ வருசமா மாமா இதையா மச்சான் மல்லாந்து படிச்சிக்கிட்டிருந்தாரு?" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

அந்தக் கல்லை வாங்கியவன் நான்தான். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் சாலையில் அம்மி, ஆட்டுக்கல் கொத்தும் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். கீரப்பாளையம் பக்கம் வயல்வெளியில் வாய்க்காலுக்குக் குறுக்கே நடைபாதையாகக் கிடந்த கல், சிமெண்டுப் பாலம் போட்ட பிறகு வேண்டாம் என்று தூக்கிப் போட்டது, அந்தக் காலத்துக் கல் வெடிக்காது என்று சொன்னார். மேல்பக்கம் கால்பட்டுக் கால்பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அடிப்பக்கம் கரடு என்றார். நான் புரட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. அப்பாவின் பெயர், பிறப்பு, இறப்பு, கீழே ஒரு வேத வசனம். எல்லாவற்றையும் தாளில் இரண்டு முறையும் கல்லில் ஒரு முறையும் பிழை திருத்தினேன். மேல்பக்கத்தில் பிழை எதுவும் இல்லை.

கல் வெளியிலிருந்து வந்தது என்பதால் குழிக்கும் வெள்ளைக்காரருக்கும் சம்பந்தமில்லை என்று குழி வெட்டுபவரிடம் சொன்னேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் அங்கே குழி வெட்டியவர்தான். தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். முதல் கொத்திலேயே அந்தப் பெயரின் பாதி போயிற்று. மீதியை நான் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு அவர் நிமிர்ந்தார். மார்பளவுக் குழிக்குள் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர் உள்ளங்கையில் மூன்று கண்ணாடித் துண்டுகள் இருந்தன. மண்ணைத் துடைத்ததும் கரும்பச்சை தெரிந்தது. வளைவான துண்டுகள். மணிக்கட்டு எலும்பைச் சுற்றிக் கிடந்தன என்றார்.

"சார், இது பொம்பள ஒடம்பு."

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அதிகம் விவரிக்கத் தேவையில்லை. ஒருத்தி மட்டும்தான் இருந்தாள். அவளுக்கு அடியில் கன்னி மண். அப்பாவின் இடது முழங்காலுக்குக் கீழே ஓர் எஃகுத் தகடு உண்டு. சைக்கிளில் போகும்போது லாரி இடித்ததில் கால் முறிந்து, வைத்துத் திருகியது. ஆறு திருகாணிகள். சின்ன வயதில் எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்து எண்ணியிருக்கிறேன். இந்தக் குழியில் தகடு இல்லை.

பங்குப் பேரவையிலிருந்து ஒருவர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், நிதானமானவர். வேறு யாருடைய குழியையோ திறந்துவிட்டோம், இதை இப்படியே மூடிவிடலாம், சுவரோரம் புது வரிசையில் ஓர் இடம் இருக்கிறது, அம்மாவை அங்கே வைக்கலாம் என்று சொன்னார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. சுவரோரம் என்பது சாக்கடைக்குப் பக்கம். அதுகூடப் பெரிய விஷயம் இல்லை. அம்மா கேட்டது அது அல்ல என்பதுதான் விஷயம். மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது.

அப்போது நான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா இறந்தது ஒரு கோடையில். எங்கள் பக்கத்தில் உடனே கல் வைக்க மாட்டார்கள். மண் இறங்கும், ஒரு வருடம் போகட்டும் என்பார்கள். அதுவரை மரச் சிலுவைதான். அன்று மாலையே என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்: வேப்பமரத்திலிருந்து கிழக்கே ஐந்தாவது மேடு. ஐப்பசியில் கடலூர் வழக்கம்போல் தண்ணீரில் மிதந்தது. சிலுவைகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் குவிந்தன. வருட நினைவுக்குக் கல்லோடு வந்தபோது நான் குறிப்பேட்டைத் திறந்து, மரத்திலிருந்து மேடுகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இந்த இடம் என்றேன்.

அம்மா மட்டும் தயங்கினார். "இன்னும் கொஞ்சம் மரத்துப் பக்கம் இல்லையாடா?" என்று கேட்டார். சாமியார் நின்றுகொண்டிருந்தார், சொந்தக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள், கல்லைத் தூக்கியவர்கள் வியர்வையோடு காத்திருந்தார்கள். "எண்ணிட்டேம்மா" என்றேன். அம்மா ஒதுங்கிக் கல்லுக்கு வழிவிட்டார்.

மழையில் ஒரு மேடு கரைந்து தரையோடு தரையாகப் போயிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஐந்து என்று நான் எண்ணியது ஆறாவது. வெட்டிய குழியின் விளிம்பில் நின்றுதான் இந்தக் கணக்கு எனக்கு விளங்கியது.

மாப்பிள்ளை முழுவதையும் கேட்டார். பிறகு, "பேப்பர்ல வர்ற ஒவ்வொரு எழுத்தையும் நாலு வாட்டி பாப்பீங்க மச்சான். மாமாவ மட்டும் ஒரு வாட்டி எண்ணிட்டு வுட்டுட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 

வாத்தியார், அப்படியானால் மரத்துப் பக்கம் ஒன்று தள்ளிப் பார்க்கலாமே என்றார். ஆனால் அங்கே இத்தனை வருடத்தில் வேறு எத்தனை பேரைப் புதைத்திருப்பார்களோ, யாரைத் தொந்தரவு செய்கிறோம் என்று தெரியாமல் இன்னொரு குழியைத் திறக்க அனுமதிக்க முடியாது, ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றும் சொன்னார். ஆதாரம் கேட்டே பிழைத்தவன் நான். என்னிடம் அன்றைக்கு ஆதாரம் இல்லை.

மரத்தை நோக்கி இரண்டு எட்டு நடந்தேன். வெறும் தரை. புல்கூடச் சரியாக முளைக்காத இடம். அங்கே மண்ணில் கறுப்பாக ஒரு திட்டு, உள்ளங்கை அகலம். குனிந்து நகத்தால் சுரண்டினேன். மெழுகு.

ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளில் அம்மா மூன்று மெழுகுவத்தி ஏற்றுவார். இரண்டைக் கல்லின் மேல் வைப்பார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு நகர்ந்து போய், வெறுந்தரையில் நட்டுவிட்டு வருவார். யாரும் நினையாத ஆன்மாக்களுக்கு ஒன்று ஏற்றுவது எங்களில் பலருடைய வழக்கம். அதுதான் என்று நினைத்தேன். ஒரு வருடம் கேட்கவும் கேட்டேன், அது யாருக்கு என்று. "ஒண்ணு எரியட்டும்டா, என்னா இப்போ" என்றார். இருபத்தேழு நவம்பர்களில் ஒன்றில்கூட அந்த மெழுகுவத்தி எந்த இடத்தில் நிற்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் என்பதை இப்போது அந்த மெழுகு சொன்னது. அடுக்கடுக்காக இருந்தது.

தங்கைக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஜெபமாலை சொல்லும் குரல்கள் கேட்டன. அம்மா மூன்றாவது மெழுகுவத்தியைப் பற்றி எப்போதாவது சொன்னாரா என்று கேட்டேன்.  அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருசம் சொன்னாங்கண்ணே. ஒங்கப்பா மரத்துப் பக்கம் இருக்காரு, கல்லு வேற யாரு மேலயோ கெடக்குதுன்னாங்க. அன்னிக்கு அவ்ளோ பேரு முன்னாடி அவன் எண்ணிட்டேன்னு சொல்லிட்டான், பேப்பர்ல எழுதுற புள்ள, அவன எப்படி தப்புன்னு சொல்றதுன்னாங்க. நான், மருந்து ஜாஸ்தியாப் போயி ஏதோ கொழம்பிப் பேசுறாங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்தபோது குழி வெட்டுபவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். நான் மெழுகைச் சுரண்டியதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"இந்த எடத்துல கை வைக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு சார். யாருதுன்னு சொல்லல. ஒரு அம்மா கேட்டுக்கிட்டாங்க, நவம்பருக்கு நவம்பர் வருவாங்கன்னு மட்டும் சொன்னாரு. நான் யாரையும் இங்க எறக்குனதில்ல."

தங்கை போனில் சொன்னதை வாத்தியாரிடம் சொன்னேன். குழி வெட்டுபவர் சொன்னதையும் அவர் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெட்டுப்பா" என்றார்.

முதலில் அந்தப் பெண்ணை மூடினார்கள். வளையல் துண்டுகளை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். கண்ணாடி வளையலோடு புதைத்தார்கள் என்றால் கணவன் இருக்கும்போதே இறந்தவள். வயது தெரியாது. அவளுக்கும் ஒரு மரச் சிலுவை இருந்திருக்கும், அதுவும் அதே மழையில் மிதந்து போயிருக்கும். அவளுடைய வீட்டார் அடுத்த நவம்பரில் வந்திருப்பார்கள். அவள் மேல் ஓர் ஆணின் பெயர் செதுக்கிய கல் கிடப்பதைப் பார்த்து, தாங்கள்தான் இடத்தைத் தவறாக நினைவு வைத்திருக்கிறோம் என்று எண்ணித் திரும்பியிருப்பார்கள். கல்லில் எழுதியிருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை.

புதுக் குழி வேர்களால் தாமதமானது. இரண்டேகாலுக்கு மண்வெட்டி எதிலோ பட்டு உலோகச் சத்தம் கேட்டது. குழி வெட்டுபவர் கையாலேயே மண்ணை விலக்கினார். நான் குழிக்குள் இறங்கினேன். அறுபது வயதில் இறங்கக் கூடாதுதான், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். தகடு பழுப்பேறியிருந்தது, வளையவில்லை. திருகாணிகளை எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு.

மாப்பிள்ளை மேலிருந்து, "சரியா மச்சான்?" என்றார். சரி என்றேன்.

அப்பாவை வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்தோம். நான்கு மணி அடக்கம் நான்கு இருபதுக்கு நடந்தது. தங்கை குழியைப் பார்த்தாள், பக்கத்தில் புதிதாக மூடிய மண்ணைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள்.  அம்மாவை அப்பாவிடம் வைத்தாயிற்று.

எல்லோரும் போன பிறகு கல் மட்டும் மிச்சமிருந்தது. வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. அதை மறுபடி அந்தப் பெண்ணின் மேலேயே கிடத்திவிடலாம், இல்லாவிட்டால் யாராவது அவளைத் தோண்டிவிடுவார்கள் என்றார் குழி வெட்டுபவர். பிறகு கேட்டார்: "எந்தப் பக்கம் மேல வரணும் சார்?"

யோசித்தேன். அப்பாவின் பெயரை மேலே வைத்தால் அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதரின் பெயரை மேலே வைத்தால் அதுவும் அநேகமாகப் பொய்தான். ஆனால் அவர் எங்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பொய்க்கும் தெரியாத ஒன்றுக்கும் இடையில் எதைப் போடுவது என்று முடிவெடுக்கும் வேலையை முப்பது வருடம் செய்திருக்கிறேன். அவர் பக்கத்தை மேலே வைக்கச் சொன்னேன். இவருடன் இவர் மனைவியும் என்ற வரி, அந்தப் பெண்ணின் காலுக்கு நேர் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அம்மாவின் முப்பதாம் நாள் கழிந்ததும் கீரப்பாளையம் பக்கம் போய் அந்த வாய்க்காலைத் தேடினேன். சிமெண்டுப் பாலம் இருக்கிறது. பக்கத்தில் கல்லறை, பழைய கட்டடம், மேடு என்று எதுவும் இல்லை. சுற்றிலும் நெல். களை பறித்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவருக்கு அந்தக் கல் நினைவிருந்தது. அதில் எழுத்து இருந்தது அவருக்குத் தெரியாது. "மனுசங்க நடப்போம். மாடு மட்டும் அந்தக் கல்லு மேல கால் வைக்காது. அடிச்சாலும் தண்ணியில எறங்கித்தான் போவும்" என்றார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அதை என்னால் சரிபார்க்க முடியவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில் காலையிலேயே போனேன். முந்தின நாள் நல்ல மழை. அம்மா அப்பாவின் மரச் சிலுவை இருந்த இடத்திலேயே இருந்தது. மரம், சுவர், பாதை என்று மூன்று பக்கத்திலிருந்தும் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். அதையும் ஒருமுறை அளந்து பார்த்தேன். பிறகு பக்கத்துக் கல்லைப் பார்த்தேன்.

கல் முழுவதும் காய்ந்துவிட்டிருந்தது. கடைசி வரிக்குக் கீழே இருந்த அந்த வெற்றிடத்தில் மட்டும் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டு சாண் நீளம், நான்கு விரல் அகலம், ஒரு நூல் ஆழம். எழுதாமல் விட்ட இடத்தில் தண்ணீர் நிற்காது. எழுதி, பிறகு யாரோ பொறுமையாகத் தேய்த்து எடுத்த இடத்தில்தான் நிற்கும்.

கைக்குட்டையால் தண்ணீரை ஒற்றி எடுத்தேன். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் உளியின் ஆழம் கொஞ்சம் மிஞ்சும். விரல் நுனியால் தடவினால் ஓர் எழுத்தாவது பிடிபடும், அது எனக்குத் தெரியும். விரலைக் கொண்டுபோனேன். கல் குளிர்ந்திருந்தது, வெயிலில் கிடந்த மற்ற இடத்தைவிட நன்றாகவே குளிர்ந்திருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

தங்கை மெழுகுவத்திகளோடு வந்தாள். இரண்டை அம்மா அப்பாவுக்கு ஏற்றினோம். மூன்றாவதை நான் எடுத்துப் போய் அந்த வெற்றிடத்தில் மெழுகை உருக்கி நிறுத்தினேன். அவள் கல்லையும் என்னையும் பார்த்தாள்.

"இது யாருக்குண்ணே? அவருக்கா, அந்தப் பொம்பளைக்கா?"

"ஒண்ணு எரியட்டும்மா, என்னா இப்போ" என்றேன்.